பார்க்காதவர் கொடுத்த காசு: ஸ்ட்ரீமிங் காலத்தில் விளையாட்டுத் தொலைக்காட்சியும் கிழக்கின் மைதானங்களும்

ஐ.பி.எல். பருவம் தொடங்கிவிட்டால் கிழக்கிலங்கையின் கல்முனைக் கடைத்தெருவிலும் காத்தான்குடி பிரதான வீதியிலும் மாலை ஏழரை மணிக்குப் பிறகு தேநீர்க் கடைத் திரைகளில் ஒரே ஆட்டம்தான் ஓடும். அங்கே நின்று பார்ப்பவர் ஒரு தேநீரின் விலைக்கு மேல் எதுவும் கொடுப்பதில்லை. ஆனால் 2022 ஜூனில் நடந்த ஏலத்தில், 2023 முதல் 2027 வரையான ஐந்து பருவங்களின் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி இந்திய ரூபாய்க்கு விலைபோனது. ஒரு போட்டிக்கு ஏறத்தாழ 118 கோடி. விளையாட்டுத் தொலைக்காட்சி பற்றிப் பேசும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: அந்தக் காசு யாருடையது? இதற்குக் கிடைக்கும் பதில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அடியோடு மாறிவிட்டது. அந்த மாற்றம் கொழும்பையும் மும்பையையும் மட்டும் தொடும் விடயம் என்று நினைத்துவிடக் கூடாது. ஏறாவூரில் நடக்கும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி வரை அதன் கை நீளுகிறது.

இந்த வணிகத்தின் இலக்கணம் அமெரிக்காவில் எழுதப்பட்டது. 1979 செப்டெம்பர் 7ஆம் திகதி ஈ.எஸ்.பி.என். ஒளிபரப்பைத் தொடங்கியது. நாள் முழுவதும் விளையாட்டை மட்டும் காட்டும் அலைவரிசையை யார் பார்ப்பார்கள் என்ற சந்தேகம் அன்று பலருக்கு இருந்தது. ஆனால் அந்த நிறுவனத்தின் வெற்றி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதில் தங்கியிருக்கவில்லை. கேபிள் நிறுவனங்கள் தம்மிடம் உள்ள ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் மாதந்தோறும் ஒரு தொகையை ஈ.எஸ்.பி.என்.னுக்குச் செலுத்தின. அந்த வீட்டில் யாராவது ஆட்டம் பார்த்தார்களா என்ற கேள்வியே எழவில்லை. சில சதங்களில் தொடங்கிய அந்தக் கட்டணம் காலப்போக்கில் 9 டொலரைத் தாண்டியது. 2011 அளவில் சுமார் 10 கோடி வீடுகள் அதைச் செலுத்திக்கொண்டிருந்தன.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் சொகுசு பஸ்ஸில் பொலநறுவையில் இறங்குபவரும் கொழும்புக்கான கட்டணத்தையே கொடுக்கிறார். இடையில் இறங்குபவரின் அந்தக் காசும் சேர்ந்துதான் பஸ் கட்டுப்படியாகிறது. அமெரிக்கக் கேபிள் தொகுப்பும் இப்படித்தான் நடந்தது. சமையல் நிகழ்ச்சி மட்டும் பார்க்கும் வீடும் செய்தி மட்டும் பார்க்கும் வீடும் கூடைப்பந்து உரிமைக்குக் காசு கொடுத்தன. விளையாட்டு லீக்குகள் பெற்ற பெரும் ஒப்பந்தங்களும் வீரர்களின் கோடிக்கணக்கான சம்பளமும் பெருமளவில் ஆட்டம் பார்க்காதவர்களின் பணத்தில்தான் எழுந்தன.

ஸ்ட்ரீமிங் செய்தது, இடையில் இறங்குபவரைப் பஸ்ஸில் ஏறாமலே வீட்டுக்குப் போகவிட்டதுதான். நாடகமும் திரைப்படமும் குறைந்த மாதச் சந்தாவில் கிடைத்தபோது, கேபிளை முதலில் துண்டித்தவர்கள் விளையாட்டில் ஆர்வமில்லாதவர்கள். ஈ.எஸ்.பி.என். சென்றடையும் வீடுகள் 2024 அளவில் 7 கோடிக்கும் கீழே இறங்கின. எஞ்சியவர்களில் ரசிகர்களின் விகிதம் கூடியது. ஆனால் உரிமைகளுக்கான விலை, பழைய கூட்டம் அப்படியே இருக்கும் என்ற கணக்கில் எழுதப்பட்டிருந்தது.

இதை எளிய பெருக்கலாகப் பார்க்கலாம். ஒரு தெருவில் மூன்று வீடுகள் தலா 9 டொலர் கொடுத்தால் 27 டொலர் வரும். அவற்றில் ஒரு வீடு மட்டுமே ஆட்டத்துக்காகக் காசு கொடுக்கத் தயார் என்றால், அதே வருமானத்துக்கு அந்த ஒரு வீட்டிடம் 27 டொலர் கேட்க வேண்டும். 2025 ஓகஸ்ட் 21ஆம் திகதி ஈ.எஸ்.பி.என். தன் முழுச் சேவையையும் கேபிள் இல்லாமல் நேரடியாக விற்கத் தொடங்கியபோது வைத்த மாத விலை 29.99 டொலர். அந்த எண்ணைப் பேராசை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. பார்க்காதவரின் பங்கையும் இனி பார்ப்பவரே சுமக்க வேண்டும் என்பதன் கணக்கு அது.

இந்த மாற்றத்தில் முதலில் உடைந்தவை பிராந்திய விளையாட்டு அலைவரிசைகள். ஒரு நகரத்தின் அணியை அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் காட்டுபவை இவை. 2019இல் சின்கிளெயர் நிறுவனம் இத்தகைய 21 அலைவரிசைகளை டிஸ்னியிடமிருந்து வாங்கியது. அவற்றுக்குப் போடப்பட்ட பெறுமதி 10.6 பில்லியன் டொலர். 2023 மார்ச்சில் அவற்றை நடத்திய டயமண்ட் ஸ்போர்ட்ஸ் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. சான் டியேகோ பேஸ்போல் அணிக்குரிய தவணை தவறியதும், 2023 மே முடிவில் லீக்கே அந்த அணியின் ஒளிபரப்பைத் தன் கையில் எடுத்தது. பீனிக்ஸ் சன்ஸ் கூடைப்பந்து அணி கட்டண அலைவரிசையை விட்டுவிட்டு, அன்டெனா இருந்தால் எந்த வீட்டிலும் பார்க்கக்கூடிய இலவச உள்ளூர்த் தொலைக்காட்சிக்குப் போனது. அதோடு தனக்கென்று ஒரு ஸ்ட்ரீமிங் சேவையையும் தொடங்கியது. இடைத்தரகரின் பணம் வற்றியபோது, அணி தன் ரசிகரை நேராகத் தேடிப் போக வேண்டியிருந்தது. கட்டுரையின் பிற்பகுதியில் நம் ஊர்க் கழகங்களைப் பற்றிப் பேசும்போது இந்தப் பீனிக்ஸ் உதாரணம் எனக்குத் தேவைப்படும்.

ஆட்டத்தைத் தூண்டிலாக்கியவர்கள்

கேபிள் காசு சுருங்கும்போது உரிமைகளின் விலையும் விழுந்திருக்க வேண்டும். ஆனால் ஏறியது. 2024 ஜூலையில் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக், டிஸ்னி, என்.பி.சி., அமேசன் ஆகிய மூன்றுடனும் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 76 பில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தது. 1989 முதல் அந்த ஆட்டங்களைக் காட்டிவந்த டி.என்.டி. என்ற கேபிள் அலைவரிசை வெளியே தள்ளப்பட்டது.

இந்த இடத்தில் மட்டக்களப்பைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தை வேரூன்றச் செய்தார்கள். அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரைத்தான் நகரின் வெபர் மைதானம் இன்றும் தாங்கி நிற்கிறது. இந்த விளையாட்டைத் தலைமுறைகளாக நெஞ்சில் வைத்திருக்கும் ஊர் இது. ஆனால் 76 பில்லியன் டொலர் புழங்கும் அந்த லீக்கின் வணிகக் கணக்கில், காசு கொடுக்கும் சந்தையாக நம் ஊர் எங்கும் வராது. ஒரு ஊரின் ஆர்வத்தை இந்த வணிகம் அளப்பதில்லை. அது அளப்பது கொடுக்கும் வலுவை மட்டும்.

விலை ஏறியதற்குக் காரணம், புதிதாக ஏலத்துக்கு வந்தவர்கள் தொலைக்காட்சி வணிகர்கள் அல்லர் என்பது. அமேசனுக்கு ஆட்டம் என்பது பிரைம் சந்தாவைப் பிடித்துவைக்கும் வழி. அந்தச் சந்தாதாரர் அங்கே சவர்க்காரமும் சப்பாத்தும் வாங்குவார். கூகுளுக்கு அது யூடியூப் விளம்பரத்தை விற்கும் வழி. நெட்பிளிக்ஸ் 2024 நத்தார் தினத்தில் இரண்டு ‘அமெரிக்கன் புட்போல்’ போட்டிகளைக் காட்டியது. வருடத்தில் சில நாட்கள் மட்டும் பெருங்கூட்டத்தைக் கூட்டினால் அதற்குப் போதும், முழுப் பருவத்தின் பாரம் வேண்டியதில்லை. ஆட்டத்தை விற்று மட்டுமே வாழும் ஓர் அலைவரிசை, ஆட்டத்தில் நட்டப்பட்டாலும் வேறிடத்தில் ஈடுசெய்யக்கூடிய நிறுவனத்தோடு ஏலத்தில் போட்டிபோட வேண்டியிருக்கிறது. ஸ்ட்ரீமிங் காலத்தின் மையச் சிக்கல் இதுதான் என்பது என் கணிப்பு. தொழில்நுட்பம் இரண்டாம் பட்சம்.

2025இல் நடந்த பீபா கழக உலகக் கிண்ணத்தை இன்னொரு சான்றாகச் சொல்லலாம். டாசோன் என்ற ஸ்ட்ரீமிங் நிறுவனம் சுமார் ஒரு பில்லியன் டொலர் கொடுத்து உலக உரிமையை வாங்கி, ஆட்டங்களை இலவசமாக விட்டது. ஏறாவூரில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் இளைஞரும் பதிவுசெய்துகொண்டு பார்க்கக்கூடிய நிலை. அந்த ஒப்பந்தத்துக்குச் சில மாதங்களுக்குள் சவூதி அரச முதலீட்டு நிதியத்தின் விளையாட்டு முதலீட்டு நிறுவனம் டாசோனில் சுமார் ஒரு பில்லியன் டொலரை முதலிட்டது. பார்ப்பவரும் கொடுக்கவில்லை, கேபிள் வைத்திருந்தவரும் கொடுக்கவில்லை. ஓர் அரசின் செல்வம் வந்து நின்றது.

இந்தியா: இலவசம் கொன்றதும் இணைத்ததும்

நமக்கு நெருக்கமான பாடம் இந்தியாவில் இருக்கிறது. 2018 முதல் 2022 வரை ஐ.பி.எல். உரிமை முழுவதும் ஸ்டார் நிறுவனத்திடம், 16,347.5 கோடி ரூபாய்க்கு. தொலைக்காட்சியும் ஹொட்ஸ்டார் செயலியும் ஒரே வீட்டில் இருந்தன. 2022 ஏலத்தில் கிரிக்கெட் சபை இரண்டையும் பிரித்து விற்றது. தொலைக்காட்சி உரிமை 23,575 கோடிக்கு, அதற்குள் டிஸ்னியின் கைக்குப் போயிருந்த ஸ்டாரிடமே (டிஸ்னி ஸ்டார்) தங்கியது. இணைய உரிமையை 20,500 கோடிக்கும், தெரிந்தெடுத்த ஆட்டங்களுக்கான இன்னொரு தொகுதியை 3,257.5 கோடிக்கும் வயாகொம்18 எடுத்தது. அதன் பின்னால் ரிலையன்ஸ். கூட்டிப் பார்த்தால் இணையம் தொலைக்காட்சியைச் சற்று முந்திவிட்டது. முழுமையாகப் பிரிந்த முதல் ஏலத்திலேயே.

2023இல் வயாகொம்18இன் செயலியான ஜியோசினிமா ஐ.பி.எல்.லைக் கட்டணமின்றிக் காட்டியது. தமிழ் உட்படப் பன்னிரண்டு மொழிகளில் வர்ணனை. ரிலையன்ஸிடம் ஜியோ என்ற தொலைத்தொடர்பு வலையமைப்பு இருந்தது. ஆட்டம் பார்ப்பவர் டேட்டா வாங்குவார், விளம்பரமும் வரும். டிஸ்னி ஹொட்ஸ்டாரின் சந்தாதாரர்கள் அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் மட்டும் 1.25 கோடி குறைந்தார்கள். அதற்குப் பதிலடியாக 2023 ஆசியக் கிண்ணத்தையும் உலகக் கிண்ணத்தையும் ஹொட்ஸ்டார் கைத்தொலைபேசியில் இலவசமாக்கியது. இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் ஆடிய உலகக் கிண்ண இறுதியில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்த கணம் வந்தது. கூட்டம் வந்தது, காசு வரவில்லை.

முடிவு எல்லோருக்கும் தெரியும். 2024 நவம்பரில் வயாகொம்18உம் டிஸ்னி ஸ்டாரும் ஒன்றாகின. 2025 பெப்ரவரி 14 முதல் ஜியோஹொட்ஸ்டார் என்ற ஒரே செயலி. போட்டி இல்லாமல் போனதும் இலவசமும் மெல்லச் சுருங்கி, சந்தா திரும்பி வந்தது. இலவசம் என்பது இந்த வணிகத்தில் எப்போதும் ஒரு பருவம்தான். எதிரி நிற்கும் வரை நீடிக்கும்.

இதில் நான் மதிக்கும் ஒரு தெரிவு இருக்கிறது. ஸ்டார் 2017 மே மாதத்தில் தமிழுக்கென்று தனி விளையாட்டு அலைவரிசை தொடங்கியது. படம் ஏற்கெனவே இருக்கிறது, கமராக்கள் இருக்கின்றன, புதிதாக வேண்டியது வர்ணனை அறையும் சில முன்னாள் வீரர்களும்தான். உரிமைக்குக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால் அது சிறு செலவு. ஆனால் ஆங்கில வர்ணனைக்கு ஒருபோதும் உட்கார்ந்திராத வீடுகளை அது உள்ளே கொண்டுவந்தது.

இலங்கையில்

இலங்கையில் தமிழ் பேசும் மக்கள், 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி, மொத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து அப்போதே 11 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுபவர்கள். இருந்தும் இலங்கை அணி ஆடும் போட்டிக்குத் தொலைக்காட்சியில் தொடர்ச்சியான தமிழ் வர்ணனை கேட்பது அரிதாகவே இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து பேசும் வர்ணனையாளர் வழியாகத்தான் நம் பிள்ளைகள் கிரிக்கெட்டின் தமிழைக் கற்கிறார்கள். இதை ஓர் உரிமைப் பிரச்சினையாக மட்டும் பார்க்க நான் விரும்பவில்லை. நல்ல வணிக வாய்ப்பு ஒன்று யாரும் எடுக்காமல் கிடக்கிறது.

சந்தை சிறியது என்பது உண்மை. இலங்கை கிரிக்கெட்டின் உரிமைகூட நெடுங்காலம் வெளிநாட்டு அலைவரிசையான டென் ஸ்போர்ட்ஸிடம்தான் இருந்தது. 2016இல் ஸீ நிறுவனம் அந்த அலைவரிசைகளை 38.5 கோடி டொலருக்குச் சோனிக்கு விற்க ஒப்புக்கொண்டது. நம் அணி ஆடும் ஆட்டத்தின் வர்த்தக மதிப்பு, அதை இந்தியாவில் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதை வைத்தே பெரும்பாலும் கணிக்கப்படுகிறது. இந்தியா இங்கே வரும் சுற்றுப்பயணம் ஒன்றின் விலை வேறு, மற்றொரு நாடு வரும்போது விலை வேறு. பெரிய சர்வதேசத் தொடர்களின் உரிமையை உள்நாட்டு நிறுவனம் வாங்கும்போது விலை பேசப்படுவது டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபாய். மே மாதத்தில் சுமார் 360. பத்து இலட்சம் டொலருக்குப் பேசிய ஓர் உரிமை, ஆட்டம் தொடங்குவதற்குள் 20 கோடி ரூபாயிலிருந்து 36 கோடியாகிவிடும். விளம்பரம் கொடுப்பவர் ரூபாயில்தான் கொடுக்கிறார், அந்த நாட்களில் அவரும் கையைச் சுருக்கிக்கொண்டார். இப்படிப்பட்ட நாட்டில் விளையாட்டு உரிமைக்குப் பணம் போடக்கூடியவர்கள் தொலைத்தொடர்பு நிறுவனங்களாக இருப்பதில் வியப்பில்லை. டயலொக்கிடம் செய்மதித் தொலைக்காட்சியும் உண்டு, கைத்தொலைபேசி வலையமைப்பும் உண்டு. ஸ்ரீலங்கா ரெலிகொமிடம் பியோ ரிவியும் வீட்டு இணையமும் உண்டு. ஜியோ செய்ததன் சிறு வடிவம் இங்கே முன்பே இருந்தது என்று சொல்லலாம்.

கொக்கட்டிச்சோலையிலோ வவுணதீவிலோ இருந்து ஒருவர் கைத்தொலைபேசியில் ஆட்டம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தெளிவான படம் மணிக்கு ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் விழுங்கும். ஓர் இருபது ஓவர் போட்டி மூன்றரை மணி நேரம். செயலி இலவசம் என்று எழுதியிருந்தாலும் ரீலோட் செய்வது அவர்தான். அதற்கு மேல் படம் அரை நிமிடம் வரை பிந்தி வரும். பக்கத்து வீட்டுச் செய்மதித் தொலைக்காட்சியிலிருந்து கூச்சல் முதலில் கேட்கும், இவருடைய திரையில் பந்து வீச்சாளர் அப்போதுதான் ஓடத் தொடங்குவார். இந்தப் பிந்தலைக் குறைப்பவருக்குச் சந்தையில் தனி இடம் உண்டு. பழைய ஒளிபரப்பு இன்னும் உயிரோடிருக்கும் காரணங்களில் இது ஒன்று.

பாடசாலை ரக்பியையும் கிரிக்கெட்டையும் நேரலையாகக் காட்டி வளர்ந்த தி பபரே தளம் இந்த நாட்டில் ஒரு முக்கியமான உண்மையை நிரூபித்தது. உலகக் கிண்ண உரிமை இல்லாமலும் விளையாட்டு ஊடகம் நடத்தலாம். பழைய மாணவர் உலகெங்கும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத ஆட்டம் இது. வேறெங்கும் கிடைக்காதது என்பதுதான் ஸ்ட்ரீமிங் காலத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே உறுதியான சொத்து. ஆனால் அந்த வெளிச்சம் விழுந்தது பெரும்பாலும் கொழும்பு, கண்டிப் பாடசாலைகள் மீது. 2021இல் தொடங்கிய உதைபந்தாட்ட சுப்பர் லீக்கிலும் பத்துக் கழகங்கள் இருந்தன. கிழக்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. ஏறாவூர், காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று வரிசையாக உதைபந்தை உயிராகக் கொண்ட ஊர்கள் இருந்தும்.

கழகங்களின் கையில் இருப்பது

அம்பாறை மாவட்டத்திலேயே ஒரு மாற்று வழி ஒருமுறை வந்து போயிருக்கிறது. 2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்கல் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி ஒன்று அறுகம்பையில் நடந்தது. அந்த லீக் எந்தத் தொலைக்காட்சிக்காகவும் காத்திருப்பதில்லை. தன் போட்டிகளைத் தன் இணையத்தளத்திலேயே நேரலையாகத் தருகிறது. அலை எப்போது எழும் என்று யாருக்கும் தெரியாததால், எட்டு மணிச் செய்திக்கு முன் முடிந்தாக வேண்டிய தொலைக்காட்சி நேரத்துக்குள் அந்த விளையாட்டு அடங்காது. அதனால் லீக்கே அலைவரிசையாகிவிட்டது.

நம் கழகங்களும் அறியாமலே அதே இடத்துக்கு வந்திருக்கின்றன. கல்முனை சந்தாங்கேணி மைதானத்திலோ ஏறாவூரிலோ ஓர் இறுதிப்போட்டி நடந்தால், முகநூல் நேரலை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்களில் பலர் ஊரில் இல்லை. கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்யும் பிள்ளைகள், சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் குடியேறியவர்கள். இந்த மக்களுக்கு ஐ.பி.எல். ஆயிரம் வழியில் கிடைக்கும். தன் ஊர்க் கழகத்தின் ஆட்டம் இந்த ஒரு வழியில்தான் கிடைக்கும்.

பீனிக்ஸ் அணியை இங்கேதான் நினைத்துக்கொள்கிறேன். கட்டணம் வாங்குவதைவிடச் சென்றடைவது பெரிது என்று அந்த அணி முடிவெடுத்தது. இலவசமாகக் காட்டியது, ஆனால் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டது. நம் கழகங்கள் இலவசமாகக் காட்டுகின்றன, உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகின்றன. கமராவோடு வருபவர் யாரானாலும் எடுக்கட்டும் என்ற பெருந்தன்மை. அந்தக் காணொளி யார் பக்கத்தில் ஏறுகிறது, இடையில் யார் விளம்பரத்தைப் போடுகிறார்கள், அடுத்த வருடம் அந்தப் பதிவு யாரிடம் இருக்கும் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இதற்காக ஊர் ஊடக இளைஞர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. வெயிலில் நின்று தம் சொந்தக் கருவியால் படம்பிடிப்பவர்கள் அவர்கள்தான். கழகத்தோடு அவர்களுக்கு எழுத்தில் ஓர் உடன்பாடு இருந்தால் அவர்களுடைய உழைப்புக்கும் பங்கு கிடைக்கும்.

உடன்பாடு இரண்டு தாள் நீளம் இருந்தால் போதும். உரிமை ஒரு பருவத்துக்கு மட்டும், தானாகப் புதுப்பிக்கப்படாது. நேரலை கழகத்தின் சொந்தப் பக்கத்தில் ஓடும், படம்பிடிப்பவர் தன் பக்கத்தில் பகிரலாம். பதிவின் மூலப் பிரதி கழகத்திடம் ஒப்படைக்கப்படும். திரையில் வரும் அனுசரணையாளரின் விளம்பரத்துக்கான பணத்தை எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும். பாடசாலைப் போட்டியென்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும், பிள்ளைகளின் முகம் அது. இன்னொன்றும் உண்டு, கேட்கச் சிறியது, நடைமுறையில் பெரியது: மைதான ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுப் போடக் கூடாது. பதிப்புரிமை காரணமாக முகநூலும் யூடியூபும் அந்த நேரலையின் ஒலியை அடைத்துவிடும், சில வேளை காணொளியையே எடுத்துவிடும். வர்ணனையாளர் தொண்டை கிழியப் பேசியதும் அதோடு போய்விடும். பாட்டுக்குப் பதில் பறையோ பான்ட் வாத்தியமோ இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

பக்கம் கழகத்தின் பெயரில் இருந்தால் கிடைக்கும் இன்னொரு பயன், நாடுவாரியான பார்வைக் கணக்கு. எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அந்தத் தளங்கள் பக்கத்தின் உரிமையாளருக்கே காட்டும். பிரதான வீதி நகைக்கடைக்காரரிடம் இன்று கழகச் செயலாளர் நன்கொடைச் சிட்டையோடு போகிறார். அந்தக் கடையில் வாடிக்கையாளர் வாங்கும் பெரிய நகைகளில் பல வெளிநாட்டிலிருந்து வரும் காசில்தான் வாங்கப்படுகின்றன. கட்டாரிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற தாளோடு போனால், செயலாளர் கேட்பது நன்கொடையாக இருக்காது, விளம்பரக் கட்டணமாக இருக்கும்.